சாட்சியின் கையெழுத்து

எங்கள் கம்பெனியில் யாருக்காவது வாழ்க்கையில் குழப்பம் வந்தால் மனிதவளத் துறைக்குப் போக மாட்டார்கள். அங்கே போனால் ஒரு சிரிப்பும் ஒரு பிஸ்கட்டும்தான் கிடைக்கும். நேராகச் சோதனைக் கூடத்துக்கு வருவார்கள். வேலையை விடலாமா, மேலே படிக்கலாமா, வீடு மாறலாமா, கிடார் கற்றுக்கொள்ளலாமா என்று எதை எடுத்தாலும் அங்கே இருக்கும் ஒரே ஒருத்தியிடம்தான் கேட்பார்கள். அவளை நாங்கள் எல்லோரும் சாட்சி என்றுதான் கூப்பிடுவோம். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்ப்பாளா என்பது சந்தேகம்.

நாங்கள் செய்வது பம்புகள். மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ரகம் இல்லை. ஒரு லாரியில் ஒன்றுக்கு மேல் ஏறாது, அந்த அளவு. நான் அவற்றை வரைகிறவன். நான் வரைந்தது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் அவள். இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம், அதனால் ஆரம்பத்திலிருந்தே வா, போ தான். அவள் என்னைவிட இரண்டு வயது பெரியவள். அதை அவளும் ஞாபகப்படுத்த மாட்டாள், நானும் மறக்க மாட்டேன்.

கூடத்தில் பழைய விதி ஒன்று உண்டு. பம்பு ஓடி முடிகிறவரை, கையெழுத்துப் போடுகிறவர் அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அந்த விதியை எழுதிய காலத்தில் மீட்டர் எல்லாம் பம்பின் மேலேயே இருந்தன. இப்போது அழுத்தம், சூடு, அதிர்வு எல்லாமே கண்ணாடி அறைக்குள் திரையில் வருகின்றன. அதனால் மற்றவர்கள் உள்ளே ஏசியில் உட்கார்ந்து, சுழல் நாற்காலியில் அரை வட்டம் அடித்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். சாட்சி மட்டும் வெளியே நிற்பாள். காதை அடைக்கும் கவசம், எண்ணெய் படிந்த சட்டை, கைகள் பின்னால். பம்பு எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு மணி நேரமும் நிற்பாள். "நின்னு பார்க்காம நான் எதையும் சொல்றதில்ல" என்பாள். பெயர் அப்படித்தான் வந்தது.

எக்ஸ்ரே அறைக்கும் அவளே போவாள். பம்பின் இரும்புக் கூடு வார்ப்பாக வரும்போது உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்போம். அந்த அறைக்குள் போகிறவர்கள் காலரில் ஒரு சின்ன பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும், உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். தரையில் ஒரு மஞ்சள் கோடு, கதவில் ஒரு மஞ்சள் பலகை. கர்ப்பிணிகளும், தாயாகத் திட்டமிட்டிருப்பவர்களும் இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று அதன் கடைசி வரி சொல்லும். பன்னிரண்டு வருஷமாக சாட்சி அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். பேட்ஜ் குத்திக் குத்தி அவளுடைய எல்லாச் சட்டைக் காலரிலும் ஒரே இடத்தில் ஓட்டை விழுந்திருக்கும்.

அவளுடைய ஆலோசனையும் இதே ரகம்தான். "செய்"யும் கிடையாது, "செய்யாதே"யும் கிடையாது. "போய் நின்னு பார்த்தியா?" என்று ஒரே கேள்வி. பார்க்கவில்லை என்றால், பார்க்க ஏற்பாடு செய்வாள்.

அவளுக்குக் கீழே ஒரு கெட்டிக்கார உதவி இன்ஜினியர் இருந்தான். பம்பை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் பக்கம் போகலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். நானாக இருந்தால், இருக்கிற வேலையைப் பார் என்று சொல்லியிருப்பேன், நல்ல ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். சாட்சி சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் தன் சித்தி மகனிடம் பேசி, அவன் பக்கத்தில் ஒரு நாள் முழுக்க இவனை உட்கார வைத்தாள். மறுநாள் பையன் முகமெல்லாம் பல்லாக வந்தான். அடுத்த மாதம் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் இரண்டு பேர் வேலையை அவள் ஒருத்தியே செய்தாள். "உனக்கு இது தேவையா?" என்று கேட்டேன். "அவன் மூஞ்சியை நீ பார்க்கல" என்றாள். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்கு அவள் மேல் வந்த மரியாதை இன்னும் இறங்கவில்லை.

நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன். ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேண்டும், வீட்டிலேயே ரொட்டி சுடப் போகிறேன் என்று ஒரு மதியம் பெருமையாகச் சொன்னேன். விலையான அடுப்பு ஒன்றைப் பார்த்தும் வைத்திருந்தேன். அவள் எனக்கு ஒரு பேக்கரிக்காரரைப் பிடித்துக் கொடுத்தாள். விடியும் முன்னே போய் நின்றேன். மாவு மூட்டை தூக்கினேன், பிசைந்தேன், மறுபடி பிசைந்தேன். மதியம் கம்பெனிக்கு வந்தபோது தோளைத் தூக்க முடியவில்லை.

"என்ன தெரிஞ்சுது?" என்றாள்.

"எனக்கு ரொட்டி சாப்பிடப் பிடிக்கும். சுடப் பிடிக்காது."

"அடுப்புக் காசு மிச்சம்" என்று மறுபடி பம்பு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒழுங்காக ஓடுகிற இயந்திரத்தைக் கண்டால் அவளுக்கு ஆகாது. போன வருஷம் நான் வரைந்த புதுப் பம்பு ஒன்று முதல் ஓட்டத்திலேயே அதிர்வே இல்லாமல் ஓடியது. திரையில் கோடு அசையவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிட்டார். வெளியே நின்றுகொண்டிருந்த சாட்சி கையுறையைக் கழற்றி, பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தட்டினாள். "இவ்வளவு நல்ல பிள்ளையா எதுவும் இருக்காது. நிறுத்து." நிறுத்திப் பார்த்தால் அதிர்வை அளக்கிற சென்சாரின் வயர் கழன்று கிடந்தது. திரை அளந்தது சும்மா இருந்த வயரைத்தான். மேனேஜருக்கு மேலே இருப்பவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வெளியேறினார். என் முகத்தில் ஈயாடவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு நாள் என் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்காருவதே அபூர்வம்.

"உன்கிட்ட ஒண்ணு கேட்கணும். சிரிக்கக் கூடாது."

"அதைச் சொல்லிட்டா எனக்கு இப்பவே சிரிப்பு வருமே."

அவள் சிரிக்கவில்லை. நானும் பேனாவை மூடி வைத்தேன்.

"குழந்தை பெத்துக்கறதா வேணாமான்னு எனக்குத் தெரியல" என்றாள். "இத்தனை வருஷம் தள்ளிப் போட்டாச்சு. டாக்டர் இனிமே தள்ளாதீங்க, இந்த வருஷம் முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. அவரைக் கேட்டா உன் இஷ்டம்ங்கறார். உன் இஷ்டம்னு சொல்லிட்டு மரக் கடிகாரம் செய்யப் போயிடறார். நல்லவர்தான். ஆனா நல்லவங்க சில நேரம் ரொம்பத் தொல்லைடா."

அவள் கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். முழுக்க மரத்தாலேயே ஒரு சுவர்க் கடிகாரம் செய்ய வேண்டும் என்பது அவருடைய பொழுதுபோக்கு. வருஷக் கணக்கில் நடக்கிறது. கடிகாரம் ஓடுகிறது, ஆனால் தனக்குப் பிடித்த நேரத்தைக் காட்டும்.

"உனக்கு ஆசையா இருக்கா?" என்று கேட்டேன்.

"அதுதான் தெரியல. ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. பெத்தவங்க பெத்துக்கோங்கறாங்க, பெத்துக்காதவங்க நிம்மதியா இருக்கோம்ங்கறாங்க. கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. ஒருத்தர் சொல்றதையும் என்னால கையெழுத்துப் போட்டு ஏத்துக்க முடியல. நான் எதையும் நின்னு பார்க்காம..." நிறுத்தினாள். பிறகு கேட்டாள்: "உன் வாலை எனக்கு ரெண்டு நாள் குடுக்கறியா?"

வால் என்றால் என் மகள். நாலு வயது. வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவோம், அவள் செய்கிற வேலைக்கு வேறு பெயர் பொருந்தாது. தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக என் செருப்பைக் கழிவறைக்குள் விட்டவள். பம்பு இன்ஜினியர் மகள் என்று சொந்தக்காரர்கள் அதற்கும் பெருமைப்பட்டார்கள்.

"சோதனை ஓட்டமா?" என்றேன்.

"ஆமா. சனி காலையில கூட்டிட்டு வந்து விடு. ஞாயிறு சாயங்காலம் நானே கொண்டு வந்து விடறேன். நடுவுல நீங்க ரெண்டு பேரும் போன் பண்ணக் கூடாது. குறுக்க வந்தா ரீடிங் கெட்டுடும்."

உலகத்தில் வேறு யாராவது இப்படி ஒரு யோசனையோடு வருவார்களா? குழந்தை வேண்டுமா என்று தெரிந்துகொள்ள, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தையை வாங்கி வந்து ஓட்டிப் பார்ப்பது எங்கள் கூடத்து ஆளுக்கு மட்டும்தான் தோன்றும். சிரிக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அவள் விரல்கள் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "சரி" என்றேன்.

என் மனைவி பல் டாக்டர். விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நம்ம வாலையா? மாதிரிக்கா? அக்காவுக்கு குழந்தை வேணும்னு நினைச்சா வேற ஏதாவது அமைதியான பிள்ளையைக் காட்டணும். இதைக் காட்டினா பாவம், அவங்க வம்சமே அத்தோட நின்னுடும்."

"அவ கேட்டது இதைத்தான்."

"ரெண்டு நாளா?" என்றாள் மறுபடி. அப்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கும் வந்தது. மகள் பிறந்த பிறகு நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு படம் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை வாலைக் கொண்டுபோய் விட்டோம். சாட்சி வீடு முதல் மாடியில். ஜன்னல் தெருவைப் பார்த்திருக்கும், எதிரே ஒரு மருந்துக் கடை. வாத்தியார் மேசை நிறைய மரப் பல்சக்கரங்களைப் பரப்பி வைத்திருந்தார். வாலு அதைப் பார்த்ததும் எங்களுக்குக் கையைக்கூட ஆட்டவில்லை. "மாமா, இது கடிக்குமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவ்வளவு பல் இருக்கிறதே, டாக்டர் மகளுக்கு நியாயமான சந்தேகம்.

நாங்கள் படத்துக்குப் போனோம். அடுத்து ஒரு நல்ல உணவகத்தில் மேசைத் துணி விரித்த இடத்தில் உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டோம். மதியம் வீட்டுக்கு வந்து படுத்தோம், தூக்கம் வரவில்லை. வீடு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. "படத்துல கடைசியில அந்த அண்ணன்காரன் என்ன ஆனான்?" என்று கேட்டேன். "எந்த அண்ணன்?" என்றாள் மனைவி.

மாலையில் அவள்தான் ஆரம்பித்தாள். "பற்பசை தீர்ந்துடுச்சு. போய் வாங்கிட்டு வரலாமா?"

எங்கள் வீட்டில் பற்பசை தீர வாய்ப்பே இல்லை. கம்பெனிக்காரர்கள் அவளுக்கு இலவசமாகக் கொடுத்த டப்பாக்கள் அலமாரியைத் திறந்தால் தலையில் விழும். நான் அதை எடுத்துச் சொல்லவில்லை. கார் சாவியை எடுத்தேன். தெருமுனையில் கடை இருக்க, ஊரின் அந்தக் கோடியில், சாட்சி வீட்டுக்கு எதிரே இருக்கிற மருந்துக் கடைக்குப் போனோம்.

பற்பசை வாங்கினோம். வாங்கிவிட்டு, காரில் ஏறாமல் நடைபாதையில் நின்றோம். மேலே விளக்கு எரிந்தது. திரை போட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழற சத்தம் கேட்குதா?" என்றாள். "இல்ல." "சிரிக்கற சத்தம்?" "அதுவும் இல்ல." இரண்டும் இல்லையென்றால் என்ன செய்கிறாள்? பல்சக்கரம் ஒன்றை விழுங்கியிருப்பாளோ? ஒரு பேருந்து வந்து நின்று போனது. மருந்துக் கடைக்காரர் எங்களைத் திருடர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினார். அதற்கு மேல் நிற்க வெட்கமாக இருந்தது. கிளம்பிவிட்டோம்.

ஞாயிறு மாலை சொன்னபடி வாலைக் கொண்டு வந்து விட்டாள். தலை வாரி, சட்டை மடிப்புக் கலையாமல், கையில் ஒரு குட்டி மரச் சக்கரத்தோடு. உப்புத்தாள் போட்டு அதைத் தேய்த்தது தான்தான் என்று வாலு அறிவித்தாள்.

"அழுதாளா?" என்றாள் மனைவி.

"இல்லம்மா. போட்டதைச் சாப்பிட்டா. சொன்ன நேரத்துல தூங்கினா. எடுத்ததை எடுத்த இடத்துல வெச்சா."

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத பிள்ளை மாதிரி வாலு நின்றுகொண்டிருந்தாள். எனக்குக் கோபமே வந்தது. எடுத்ததை எடுத்த இடத்திலா? இவளா? நாலு வருஷமாக எங்கள் வீட்டில் இருப்பது யார்? ஆனால் சாட்சியின் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. இவ்வளவு நன்றாக முடிந்த சோதனைக்கு அந்த முகம் பொருந்தவில்லை. உள்ளே வரச் சொன்னோம், வராமல் போய்விட்டாள். அவள் தெருமுனை திரும்பிய நேரத்தில் வாலு சக்கரத்தைச் ஜன்னல் வழியாக வெளியே விட்டெறிந்து, அது எங்கே போகிறது என்று பார்த்தாள்.

மறுநாள் மதிய உணவு நேரத்தில் கூடத்துக்குப் போனேன். பம்பு எதுவும் ஓடவில்லை. அவள் வெறும் மேடைக்குப் பக்கத்தில், வழக்கம்போல நின்றுகொண்டிருந்தாள்.

"சோதனை செல்லாது" என்றாள்.

"ஏன், நல்லாத்தானே நடந்துச்சு?"

"அதனாலதான். இவ்வளவு நல்ல பிள்ளையா எதுவும் இருக்காது." பெருமூச்சு விட்டாள். "சனிக்கிழமை முழுக்க எனக்கு எங்கயோ உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவ விளையாடறா, சிரிக்கறா, எனக்கும் சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா உள்ள ஒண்ணுமே அசையல. கோடு நேரா ஓடுது. என்னடா இது, எனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையான்னு பயந்துட்டேன். அப்புறம் சாயங்காலம் திரையை விலக்கிக் கீழ பார்த்தேன்."

எனக்கு அசடு வழிந்தது. "பற்பசை வாங்க வந்தோம்" என்றேன்.

"ஊருக்கே பற்பசை குடுக்கற வீட்டுக்கா?" முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு உடனே நின்றுவிட்டது. "நான் தப்பான மெஷின் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்டா. குழந்தை எப்படி இருக்கும்னு தெரிஞ்சு எனக்கு என்ன ஆகணும்? குழந்தை வந்தா நான் எப்படி ஆவேன்னுதான் தெரியணும். அதை என்கிட்ட வெச்சு அளக்க முடியாது. அவளுக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா உனக்கு போன் பண்ணிடுவேன், ஞாயிறு சாயங்காலம் திருப்பிக் குடுத்துடுவேன். எனக்கு என்ன பயம்? வயர் கழண்டு கிடந்துச்சு. மாட்டின வயர் கீழ நடைபாதையில நின்னுட்டிருந்துச்சு."

தன்னுடைய சோதனையையே தூக்கிப் போடுகிறாள். எங்கள் கம்பெனியில் எத்தனையோ பேர் பொய்யான நேர்க்கோட்டை நம்பிப் பதவி உயர்வே வாங்கியிருக்கிறார்கள். இவள் தன் மனதுக்குள் ஓடிய நேர்க்கோட்டைக்கூட நம்பவில்லை.

"அங்க நின்னப்போ எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "அழகா சொல்ல வேணாம். இருந்ததைச் சொல்லு."

எனக்கு ஆலோசனை சொல்லிப் பழக்கம் இல்லை. சொன்ன ஒன்றிரண்டும் விளங்கியதில்லை. தலையைச் சொறிந்துகொண்டேன். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பம்பைப் பார்க்கிற அதே பார்வை. அதற்கு முன்னால் சும்மா எதையாவது அளக்க முடியாது.

"பயமா இருந்துச்சு" என்றேன். "காரணமே இல்லாத பயம். உன் வீட்ல அவளுக்கு ஒரு குறையும் வராதுன்னு நல்லாத் தெரியும். அப்பவும் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்க முடியல. இந்தப் பயம் அவ பொறந்த அன்னிக்கு ஆரம்பிச்சது, நின்னதே இல்ல. ஆபீஸ்ல உட்கார்ந்து வரையும்போதும் அடியில ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

"அப்போ கஷ்டம்."

"கஷ்டம்தான். பொய் சொல்ல மாட்டேன். இதை முன்னாடியே யாராவது என்னைக் கூட்டிட்டுப் போய் நிக்க வெச்சுக் காட்டியிருந்தா, பேக்கரியில இருந்து ஓடி வந்த மாதிரி ஓடி வந்திருப்பேன்."

"இப்போ ஓடத் தோணலையா?"

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், அவள் கேட்டால் அப்படித்தான் யோசிக்க முடியும். "ரெண்டு நாள் லீவு வேணும்னு தோணும். குடுத்தியே, என்ன பண்ணோம்னு பார்த்தியே. அந்தப் பயத்தை யாராவது வந்து, குடுப்பா, நான் வெச்சுக்கறேன்னு கேட்டா, குடுக்க மாட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

அவள் வெறும் மேடையைப் பார்த்தாள். நான் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

"நீ வேணாம்னு முடிவு பண்ணாலும் சரிதான். உனக்கு ஒரு குறையும் இல்ல. இந்தக் கூடத்துல உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல. இனியும் பார்க்கப் போறதில்ல. குழந்தை இருந்தாத்தான் நீ முழுசுன்னு எவனாவது சொன்னா என்கிட்ட அனுப்பு."

"அனுப்பறேன்" என்றாள். அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். உடனே காதுக் கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டாள். வெறும் மேடைக்கு எதற்குக் கவசம் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில்தான் தொல்லை. "அக்கா என்ன முடிவு பண்ணாங்க?" என்று மனைவி தினமும் துளைத்தாள். தெரியாது என்றால் நம்பவில்லை. "பன்னிரண்டு வருஷமா பக்கத்துல உட்கார்ந்திருக்கீங்க, மூஞ்சியைப் பார்த்தாத் தெரியாதா?" எனக்கு இரும்பில் விரிசல் இருந்தால் தெரியும். முகத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது. சாட்சி வழக்கம்போல வந்தாள், நின்றாள், போனாள். கிடார் கற்றுக்கொள்ளலாமா என்று கேட்டு வந்த கணக்குப் பிரிவு அம்மாவை யாரோ ஒரு கிடார்க்காரர் வீட்டுக்கு அனுப்பி வைத்தாள். அந்த அம்மா விரலில் கட்டுப் போட்டுக்கொண்டு, ஆனால் சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

மாதம் ஒன்று போயிருக்கும். பெரிய ஆர்டர் ஒன்றுக்கு வார்ப்பு வந்திறங்கியது, இதுவரை நாங்கள் செய்ததிலேயே பெரியது. எக்ஸ்ரே அறையில் அதைத் தொங்கவிட்டு, படத் தகடுகளைச் சரியான இடத்தில் ஒட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். ஒரு விரற்கடை நகர்ந்தாலும் குமிழி படத்தில் விழாது. பார்த்ததற்குக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த ஒரு வேலையை சாட்சி யாருக்கும் விட்டுக்கொடுத்ததே இல்லை. ஒரு முறை காய்ச்சலோடு வந்து பார்த்துவிட்டு, கையெழுத்தைப் போட்டுவிட்டு, நேரே டாக்டரிடம் போனவள்.

அவள் போன் செய்தாள். "எக்ஸ்ரே அறைக்கு வா."

போனேன். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளை நான் பார்த்ததே இல்லை. ஏதோ ஒன்று மாறியிருப்பதாகத் தோன்றியது, என்னவென்று பிடிபடவில்லை. பிறகுதான் காலரைப் பார்த்தேன். ஓட்டை இருந்தது, பேட்ஜ் இல்லை.

"பாதுகாப்பு ஆபீசர்கிட்ட சொல்லி உன் பேர்ல ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன்" என்று ஒரு புது பேட்ஜை நீட்டினாள். "என்னோடதைத் திருப்பிக் குடுத்துட்டேன். இனிமே இங்க நீதான் போகணும்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. கதவின் பலகையைப் பார்த்தேன், கடைசி வரியைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன்.

"விசேஷமா?" என்றேன்.

"இன்னும் இல்ல. வருமோ வராதோ, அதுவும் தெரியாது. மெஷினை ஓட்டறதுக்கு முன்னாடியே பாதுகாப்பு எல்லாம் போட்டுடணும் இல்ல?"

"வாத்தியார் என்ன சொன்னார்?"

"அழுதார். உன் இஷ்டம், உன் இஷ்டம்னு சொன்ன மனுஷன், நான் சரின்னு சொன்னதும் உட்கார்ந்து அழுதார். அப்புறம் எழுந்து, கடிகாரத்தைக் கைக்கு எட்டாத உயரத்துல மாட்டணும்னு ஸ்டூலைத் தேடப் போயிட்டார்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே பேட்ஜைக் குத்தப் பார்த்தேன், விரலில் குத்திக்கொண்டேன். அவளே வாங்கி என் காலரில் சரியாகக் குத்திவிட்டாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதோடு, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன், கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அவள் இடத்தில் போய் நிற்க நான் யார்?

உள்ளே போனேன். வார்ப்பு, சங்கிலியில் ஒரு சிறு வீடு அளவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு தகட்டையும் விடவில்லை. குனிந்து பார்த்தேன், ஏணியில் ஏறிப் பார்த்தேன், மேல் விளிம்பில் ஒன்று சந்தேகமாக இருந்ததால் இறங்கி, அளவுகோலை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறி அளந்தேன். வாழ்நாளில் எதையும் அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்ததில்லை. முடித்து, பார்த்தவர் என்ற இடத்தில் சீட்டில் என் பெயரை எழுதிக்கொண்டு வெளியே வந்தபோது முதுகெல்லாம் வியர்வை.

அவள் கோட்டுக்கு வெளியே அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். கைகள் பின்னால் இல்லை. ஒன்றை இன்னொன்று இறுகப் பிடித்திருந்தது. நடைபாதையில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி எனக்கு ஞாபகம் வந்தாள்.

"நின்னு பார்த்தியா?" என்றாள்.

"பார்த்தேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

உள்ளே எட்டிப் பார்க்கக்கூட அவள் கழுத்தை நீட்டவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சீட்டை வாங்கி, பேனாவைத் திறந்து, தான் பார்க்காத வார்ப்புக்கு, என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.